மஞ்சள் பனிக்கட்டி: கொல்லர் மகன் பாரடேக்குப் புகழும் பழியும் தந்த கதை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு மலைப் பாதையில் ஏறியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஊரில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறியவர், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி உச்சிக்கு வரும்போது அதே துண்டை எடுத்து உடம்பைப் போர்த்திக்கொள்வார். ஏலத் தோட்டங்களின் மேல் மூடுபனி இறங்கி நிற்கும். இன்னும் அப்பால் மூணாறு பக்கம் போனால், தை மாத விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவியது போலப் படிந்து கிடப்பதையும் பார்க்கலாம்.

குளோரின் வாயு கலந்த தண்ணீரை ஒரு புட்டியில் அடைத்து, அந்தக் குளிரில் வெளியே வைத்தால் என்ன ஆகும்? புட்டிக்குள் வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உறையும். அதே புட்டியைப் போடிக்குக் கொண்டுவந்து திறந்து வைத்தால் கட்டி நுரைத்து உருகும். நச்சு வாயு குபுகுபுவென்று வெளியேறும். விளையாட்டாகச் செய்து பார்க்கக் கூடிய காரியம் அல்ல. அந்த வாயு நுரையீரலை அரித்துவிடும்.

சாதாரணத் தண்ணீர் உறைய வேண்டுமானால் சுழி டிகிரி வரை குளிர வேண்டும். இந்த மஞ்சள் கட்டிக்கோ 9½ டிகிரி சென்டிகிரேடு குளிரே போதும். தண்ணீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டியாகும் இந்த விசித்திரப் பொருள், 1823-ம் ஆண்டில் லண்டனில் ஒரு கொல்லர் மகனுக்குப் பெரும் புகழைத் தந்தது. அவருடைய கண்ணைப் பறிக்கப் பார்த்தது. தெய்வமாக மதித்த குருவுக்கும் அவருக்கும் நடுவே விழுந்திருந்த விரிசலைப் பெரிதாக்கியது.

அவர்தான் மைக்கேல் பாரடே. மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வித்திட்டவர் என்று அவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மஞ்சள் பனிக்கட்டியின் கதை அவ்வளவாக வெளியே தெரியாது.

ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி

லண்டனின் தென்பகுதியில் நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பாரடே பிறந்தார். தகப்பனார் கொல்லுப் பட்டறைத் தொழிலாளி. அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். அவர் படுத்த நாளில் வருமானமும் படுத்துவிடும். 1801-ல் விலைவாசி ஏறி ஏழைகள் தவித்தபோது, பையன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கணக்கு. அதை ஏழு நாளைக்கும் அவனே பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போட. பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். 13-ம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த ஆண்டு அங்கேயே பைண்டிங் தொழில் பழக ஏழு ஆண்டு ஒப்பந்தம் ஆயிற்று. தைக்க வந்த புத்தகங்களை மற்றப் பையன்கள் தைத்தார்கள். மைக்கேல் தைத்ததோடு நிற்காமல் படிக்கவும் செய்தான். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ரசாயன நூலும் அவன் மனத்தைக் கவ்விக்கொண்டன.

1812-ல் கடை வாடிக்கைக்காரர் ஒருவர் அவருக்கு நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கான சீட்டுகள் அவை. அன்றைய இங்கிலாந்தில் டேவியின் பெயருக்கு இருந்த மதிப்பே தனி. சோடியம், பொட்டாசியம் ஆகிய மூலகங்களைப் பிரித்துக் காட்டியவர், நாவன்மை மிக்கவர். பாரடே அந்தப் பேச்சுகளைக் குறிப்பெடுத்தார். படங்கள் வரைந்து சேர்த்தார். தம் கையாலேயே அழகாக பைண்டு செய்து டேவிக்கு அனுப்பிவைத்தார்.

டேவியும் எளிய குடும்பத்தில் பிறந்து உயர்ந்தவர்தாம். பையனின் ஆர்வம் அவர் நெஞ்சைத் தொட்டது. 1813 மார்ச்சில் பாரடேக்குச் சோதனைச்சாலை உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறைகள். அந்த ஆண்டே டேவி தம்பதிகளுடன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம். டேவியின் மனைவி பாரடேயை வேலைக்காரனாகவே நடத்தினார். எத்தனை அவமானம் நேர்ந்தாலும், டேவியின் அருகில் இருந்து கற்கும் வாய்ப்புக்காக பாரடே பொறுத்துக்கொண்டார்.

இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1815-ல் சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் காக்கும் பாதுகாப்பு விளக்கை டேவி அமைத்தபோது, கூடவே நின்று உழைத்தவர் பாரடே. சுரங்கத்தில் கசிந்து வெடிக்கும் வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர். அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது; கதையின் பிற்பகுதியில் அது மறுபடியும் வரும்.

குரு கண்ட கட்டி

குளோரின் ஒரு தனி மூலகம் என்று 1810-ல் நிலைநாட்டி, அதற்கு அந்தப் பெயரையும் சூட்டியவர் டேவி. குளிரில் உறையும் மஞ்சள் கட்டி குளோரினே உறைந்து கட்டியானது என்று அதுவரை ரசாயனிகள் நினைத்திருந்தார்கள். டேவி சோதித்தார். ஈரப்பசையே இல்லாத குளோரினை எவ்வளவு குளிர வைத்தும் அந்தக் கட்டி உண்டாகவில்லை. தண்ணீர் சேர்ந்தால்தான் உண்டாயிற்று. ஆகவே அது தண்ணீரும் குளோரினும் சேர்ந்த பொருள் என்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1823-ம் ஆண்டு தொடக்கத்தில் லண்டனில் நல்ல குளிர். அந்தக் குளிரைப் பயன்படுத்திக்கொண்டு பாரடே மஞ்சள் கட்டிகளைச் செய்தார். கட்டியில் குளோரின் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்தார். இக்கால மூலக்கூறுக் கணக்கில் சொன்னால், குளோரின் ஒன்றுக்குத் தண்ணீர் பத்து என்பது அவருக்குக் கிடைத்த விடை. பின்னால் வந்தவர்கள் அதை ஏழு, எட்டு என்று திருத்தினார்கள். ஆனால் அந்தப் பொருளை முதன்முதலாக அளந்தவர் பாரடேதான்.

அளவு முடிந்ததைக் கேட்ட டேவி, அந்தக் கட்டியை மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கிப் பார்க்கும்படி சொன்னார். என்ன ஆகும் என்று தாம் எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் பின்னால் வந்த தகராறுக்கு விதையாயிற்று.

வெந்நீரில் நடந்த அதிசயம்

பாரடே குழாயில் கட்டிகளைப் போட்டு, வாயைத் தீயில் உருக்கி மூடினார். வெதுவெதுப்பான நீரில் வைத்தார். 60 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. 100 டிகிரிக்குக் கொண்டுபோனதும் கட்டி உருகிற்று. குழாய் முழுவதும் மஞ்சள் வாயு நிறைந்தது. அடியில் இரண்டு திரவங்கள் தனித்தனியாக நின்றன. முக்கால் பங்கு தண்ணீர் போல வெளிறியிருந்தது. கால் பங்கு எண்ணெய் போலப் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் அடியில் தங்கியது.

அப்போது டேவியின் நண்பர் டாக்டர் பாரிஸ் அங்கே வந்தார். குழாயில் எண்ணெய் ஒட்டியிருப்பதைப் பார்த்து, அழுக்குக் குழாயில் சோதனை செய்யலாமா என்று பாரடேயைக் கேலி செய்துவிட்டுப் போனார். பாரடே குழாயின் நுனியை அரத்தால் அறுத்தார். படீரென்று வெடித்தது. எண்ணெய் இருந்த இடம் தெரியவில்லை. அறை முழுவதும் குளோரின் நெடி!

மறுநாள் காலை டாக்டர் பாரிசுக்கு ஒரு வரிக் கடிதம் போயிற்று. அவர் பார்த்த எண்ணெய் திரவமான குளோரின் என்பதே அதில் இருந்த செய்தி.

கட்டி உருகியபோது குளோரின் வெளியே போக வழியில்லை. வாயு தன்னைத் தானே நெருக்கிக்கொண்டது. அந்த அழுத்தத்தில் திரவமாகிவிட்டது. வாயுவைப் போதிய அளவு அழுத்தினால் திரவமாக்கலாம் என்ற வழி, ஒரு சிட்டிகை மஞ்சள் பனிக்கட்டியிலிருந்து பிறந்தது. இன்று அடுப்படியில் நிற்கும் காஸ் சிலிண்டருக்குள் இருப்பதும் அழுத்தத்தால் திரவமான வாயுதான். பெரிய நகரங்களில் குடிநீரைச் சுத்தம் செய்யக் குளோரின் சிலிண்டர்களில் வந்து இறங்குவதும் அதே முறையில்தான்.

குழாயில் இன்னொரு புதுமையையும் பாரடே கவனித்தார். குழாய் ஆறி 70 டிகிரி பாரன்ஹீட்டுக்கு வந்தபோது வெளிறிய திரவம் மறுபடி உறைந்தது. 70 டிகிரி பாரன்ஹீட் என்றால் 21 டிகிரி சென்டிகிரேடு. திறந்த வெளியில் 9½ டிகிரிக்கு மேல் நிற்காத கட்டி, அழுத்தம் இருந்தால் 21 டிகிரியிலும் நிற்கிறது! போடிமெட்டைத் தாண்டிய குளிர் தேவையில்லை. போதிய அழுத்தம் இருந்தால் போடியின் மார்கழி இரவே போதும். இந்தப் பனிக்கட்டிக்குக் குளிர் ஒரு சாவி. அழுத்தம் இன்னொரு சாவி.

பதின்மூன்று சில்லுகள்

பாரடே அத்துடன் விடவில்லை. கந்தக வாயு, கரியமில வாயு, அம்மோனியா என்று வரிசையாகப் பல வாயுக்களை வளைந்த குழாய்களில் அடைத்துத் திரவமாக்கினார். அந்தக் காலத்துக் கண்ணாடி எந்த நிமிஷமும் வெடிக்கலாம். வெடிக்கவும் செய்தது. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, குழாய் ஒன்று துப்பாக்கிக் குண்டு போலச் சிதறி ஜன்னல் கண்ணாடியைத் துளைத்தது. பாரடேயின் கண்களில் சில்லுகள் பாய்ந்தன. பதின்மூன்று சில்லுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பார்வை தப்பியது பெரும்பாக்கியம். கட்டு அவிழ்த்ததும் மனிதர் மறுபடி குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

யாருடைய கண்டுபிடிப்பு?

பாரடே தம் கட்டுரையை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அப்போது அந்தச் சங்கத்தின் தலைவர் டேவி. கட்டுரையின் கடைசியில் டேவி ஒரு குறிப்பைச் சேர்த்தார். மூடிய குழாயில் சூடாக்கும் யோசனை தம்முடையது என்றும், விளைவுகளைத் தாம் முன்பே எதிர்பார்த்திருந்ததாகவும் அந்தக் குறிப்பு சொல்லிற்று. கண்ணில் சில்லு வாங்கியவர் பாரடே. பெருமையில் பெரும்பங்கு தலைவருக்கு என்பது போல ஆயிற்று.

குரு சொன்னதில் உண்மையே இல்லையா? இருந்தது. சூடாக்கச் சொன்னவர் அவர்தான். ஆனால் எதிர்பார்த்ததை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. குழாயில் கண்டதை இன்னதென்று தெரிந்துகொண்டவர் பாரடே.

புகைச்சல் அதற்கு முன்பே மூண்டிருந்தது. 1821-ல் மின்சாரக் கம்பி காந்தத்தைச் சுற்றும்படி பாரடே செய்து காட்டினார். மின்சார மோட்டாரின் பிறப்பு அது. வொல்லஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானியின் யோசனையை அவர் திருடிவிட்டதாக லண்டனில் வதந்தி கிளம்பியது. பாரடே மனம் துடித்தார். வொல்லஸ்டனையே நேரில் கண்டு விளக்கம் சொன்னார். என்றாலும் கறை முழுதும் நீங்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில், 1823-ல் பாரடேயை ராயல் சொசைட்டி அங்கத்தினராக்க வேண்டும் என்று நண்பர்கள் முன்மொழிந்தார்கள். டேவி எதிர்த்தார். மனுவைத் திரும்பப் பெறும்படி பாரடேயிடம் சொன்னார். முன்மொழிந்தவர்கள் பிறர், தாம் எப்படித் திரும்பப் பெற முடியும் என்று பாரடே பணிவாக மறுத்துவிட்டார். 1824 ஜனவரி 8-ந் தேதி ரகசிய ஓட்டு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு கறுப்புக் குண்டு. பாரடே அங்கத்தினர் ஆனார். அந்தக் குண்டைப் போட்ட கை யாருடையது என்பதைப் பெட்டி சொல்லவில்லை.

குளோரினைத் திரவமாக்கியதில் தமக்கு முன்பே நார்த்மோர் என்ற ஆங்கிலேயர் வெற்றி கண்டிருக்கிறார் என்பது பழைய ஏடுகளைப் புரட்டியபோது பாரடேக்குத் தெரியவந்தது. குருவோடு பெருமைக்காக மனக்கசப்பு நிலவும் வேளை. வேறொருவராக இருந்தால் ஏட்டை மூடி வைத்திருப்பார். பாரடே 1824-ல் ஒரு வரலாற்றுக் குறிப்பு எழுதி, தமக்கு முன்னால் செய்தவர்களின் பெயர்களை வரிசையாக அச்சில் ஏற்றினார். கண்ணில் சில்லு வாங்கி அடைந்த முதன்மையைத் தம் கையாலேயே விட்டுக்கொடுத்தார்.

டேவியும் முற்றிலும் மனம் கல்லாகிவிடவில்லை. 1825-ல் பாரடே சோதனைச்சாலை இயக்குநர் ஆனது அவருடைய சிபாரிசினால்தான். 1829-ல் டேவி ஜெனீவாவில் காலமானார். பின்னர் டேவியின் தம்பி எழுதிய நூலில் பழைய வழக்கு மறுபடி கிளம்பியபோது, 1836-ல் பாரடே அச்சிலேயே பதில் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதினார். குருவிடம் தாம் பட்ட கடனையும் மறைக்கவில்லை.

கூண்டின் ரகசியம்

மஞ்சள் கட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பாரடே காலத்தில் பார்க்க வழியில்லை. நூறாண்டுக்குப் பிறகு எக்ஸ் கதிர் அந்த வழியைத் திறந்தது. இத்தகைய பொருள்களுக்கு, கம்பிக் கூண்டு என்ற கருத்துள்ள லத்தீன் சொல்லிலிருந்து, கிளாத்ரேட் என்ற பெயரை 1948-ல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி எச். எம். பவல் சூட்டினார். குளோரின் கட்டியின் அமைப்பை 1952-ல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாவும் வெளியிட்டார்கள்.

கிராமத்து வீடுகளில் கோழிக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடுவார்கள். குஞ்சு பஞ்சாரத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஆனாலும் வெளியே போக முடியாது. இங்கேயும் அப்படித்தான். இருபது தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, ஐந்து மூலைக் கட்டங்கள் பன்னிரண்டு கொண்ட ஒரு பந்தாகின்றன. இருபத்துநான்கு மூலக்கூறுகள் சேர்ந்தால் சற்றுப் பெரிய பந்து. குளோரினுக்கு வசதியான இடம் பெரிய பந்துதான். ஒரு வித்தியாசம் உண்டு. குஞ்சு இல்லாவிட்டாலும் பஞ்சாரம் நிற்கும். உள்ளே வாயு இல்லாவிட்டால் தண்ணீர்க் கூண்டு நிற்காது; சரிந்துவிடும்.

பல கூண்டுகள் சேர்ந்து ஒரு கட்டம். அப்படிப்பட்ட கட்டங்கள் பத்து லட்சத்தை ஒரே வரிசையில் அடுக்கினாலும் நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூண்டின் குணம், கையில் எடுக்கும் கட்டியிலும் தெரிகிறது. குளோரின் கட்டி தண்ணீரில் மூழ்கும். மீத்தேன் வாயுவை அடைத்த கட்டி மிதக்கும். பார்வைக்குப் பனிக்கட்டி போலவே இருந்தாலும் மீத்தேன் கட்டி வெப்பத்தைக் கடத்துவது பனிக்கட்டியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். தீக்குச்சி காட்டினால் பற்றி எரியும். எரிய எரியத் தண்ணீர் சொட்டும்.

குழாயிலும் கடலிலும்

சுரங்கத்தில் தொழிலாளரைக் கொன்ற அதே மீத்தேனும் தண்ணீர்க் கூண்டில் அடைபடும் என்று 1888-ல் பிரெஞ்சு விஞ்ஞானி வில்லார் கண்டார். 1934-ல் அது பெரிய தலைவலியாக வெளிப்பட்டது. அமெரிக்காவில் பூமி வாயு செல்லும் குழாய்கள் திடீர் திடீரென்று அடைத்துக்கொண்டன. தண்ணீர் உறையாத வெப்பத்திலும் அடைப்பு உண்டாயிற்று. அது வெறும் பனிக்கட்டி அல்ல, வாயு அடைபட்ட கட்டி என்று ஹாமர்ஸ்மிட் என்பவர் விளக்கினார். பாரடேயின் விரல் பருமன் குழாயில் 21 டிகிரியில் நடந்ததுதான் மைல் கணக்கான இரும்புக் குழாயிலும் நடந்தது. அழுத்தம் என்ற சாவி செய்த வேலை அது.

அந்தச் சாவி கடலடியிலும் இருக்கிறது. 2006-ல் இந்திய அரசின் ஆராய்ச்சித் திட்டத்துக்காக ஒரு துளைக் கப்பல் நம் கடல்களில் ஆராய்ந்தது. ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா கோதாவரிப் படுகையில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்துக் கடல் தரைக்குக் கீழே மீத்தேன் கட்டி கிடைத்தது. போடி ஊருக்கு மேலே போடிமெட்டு எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அவ்வளவு ஆழம். ஓரிடத்தில், களிமண்ணின் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு சுமார் 130 மீட்டர் கனத்துக்கு அது படிந்திருந்தது. ஒரு கன அடி கட்டி உருகினால் சுமார் 160 கன அடி வாயு வெளிவரும். அதை ஆபத்தில்லாமலும் கட்டுபடியாகும் செலவிலும் எடுக்கும் வழியை நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள்.

பெயர் மட்டும் போதும்

பாரடே இந்தப் பயனையெல்லாம் காணவில்லை. 1831-ல் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் முறையைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ஒரு காலத்தில் தம்மை உள்ளே விடத் தயங்கிய ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியே பின்னாளில் தேடி வந்தபோது, அதையும் ஏற்கவில்லை. முதுமையில் நினைவு தடுமாறியது. 1867 ஆகஸ்டு 25-ந் தேதி, ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார்.

லண்டன் ஹைகேட் மயானத்தில் அவர் அடக்கமாயிருக்கிறார். யாருடைய கண்டுபிடிப்பு என்று ஒரு காலத்தில் அவ்வளவு வழக்காடினார்கள். அந்தக் கல்லறைக் கல்லில் எந்தக் கண்டுபிடிப்பும் எழுதப்படவில்லை. மைக்கேல் பாரடே என்ற பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் இருக்கின்றன.